களத்துக்குள் வந்த புத்தகம்

காத்தாயி அத்தை யாரையும் சபித்து நான் கேட்டதில்லை. சபிப்பது கையாலாகாதவர்கள் பார்க்கும் வேலை என்பாள். தனக்குக் கை இருக்கிறது, காலம்தான் வர வேண்டும் என்பாள்.

அத்தை என்பது முறைக்கு. எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு. குடவாசலுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில், பஞ்சாயத்துக் கட்டிடத்தின் பின்னறையில் நடந்த ஊர்ப்புற நூலகத்துக்கு அவள்தான் நூலகர். அரசு கொடுத்த சம்பளம் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காணாது. ஆனாலும் நூலகத்தைத் திறக்கும்போது கொண்டையில் பூ வைத்துக்கொண்டு வருவாள். யாராவது கேட்டால், "அவங்க கச்சேரிக்குப் போறப்ப அத்தர் பூசிக்கிட்டுப் போவாங்கல்ல, அது மாதிரி" என்பாள். அவங்க என்றால் பெரிய மிராசு குடும்பம். அந்த வீடு பூட்டிக் கிடந்து வருடக்கணக்கானாலும் ஊரில் 'அவங்க' என்ற சொல் அவர்களை மட்டுமே குறித்தது.

தொடர்ந்து குறுவை பொய்த்து, சம்பா மட்டும் ஒருவழியாகத் தேறிய வருடம் அது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அஹமது கபீர் தன் டிவிஎஸ் வண்டியில் ஓர் உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். குடவாசலில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர். குவைத்திலிருந்து திரும்பியதும் எல்லோரையும்போல மாடி கட்டாமல், திருவாரூரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கியவர். சாக்கைப் பிரித்தால் உள்ளே புத்தகங்கள்.

"காத்தாயி அக்கா, இது புது ஏற்பாடு. பிள்ளைங்க படிக்கிறதுக்குன்னு நாங்க சில புத்தகத்த பரிந்துரை பண்ணியிருக்கோம். ஊர் ஊரா சாக்கு போவும். பிள்ளைங்க படிச்சுட்டு, புடிச்சதுக்கு ஓட்டுப் போடணும். பெரியவங்களுக்கு ஓட்டு கிடையாது. சிறுவர் தேர்வு விருதுன்னு பேரு வச்சிருக்கோம்."

"செயிச்சவங்களுக்கு என்ன தருவீங்க?"

"தர்றதுக்கு என்னக்கா இருக்கு, ஒரு சால்வை. ஆனா ஒரு விதி வச்சிருக்கோம். எந்த ஊருல நெறைய ஓட்டு விழுந்துச்சோ, அந்த ஊருக்கு எழுதினவரு நேருல வரணும். ஒரு நாள் பூரா பிள்ளைங்களோட இருக்கணும். பிள்ளைங்க கேட்டதச் செய்யணும். அதுக்குச் சம்மதிச்சவங்க புத்தகத்தத்தான் சேத்திருக்கோம்."

அத்தை தலையாட்டிக்கொண்டே புத்தகங்களை மேசையில் பரப்பினாள். நாங்கள் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தோம். யானைப் படம், ராக்கெட் படம், பனைமரத்தில் ஏறும் ஒரு பெண். ஒரு புத்தகத்தின் அட்டையில் தலைப்பாகை கட்டிய நண்டு. 'நண்டுவளை நாட்டாமை' என்று பெயர். எழுதியவர் இராஜாங்கம்.

அத்தை அந்தப் பெயரைப் பார்த்தாள். பின்னட்டையைத் திருப்பினாள். சென்னையில் வங்கி அதிகாரி, பூர்வீகம் எங்கள் ஊர் என்று போட்டிருந்தது. பெரிய மிராசுவின் மகன் வயிற்றுப் பேரன்.

கபீர் கிளம்பிப் போன பிறகு அவள் அந்தப் புத்தகத்தின் முன்னுரையைப் படித்தாள். நின்றபடியே படித்தாள். நாங்கள் சத்தம் போட்டும் அதட்டவில்லை. அந்த முன்னுரை பிற்பாடு எனக்கும் மனப்பாடம் ஆனது. தான் எழுத்தாளன் ஆனதற்குக் காரணம் தன் தாத்தா என்று எழுதியிருந்தார். கடலைத் தேடிப் போன ஒரு நத்தையின் கதை அவருக்குக் கிடைத்த முதல் புத்தகமாம். ஓர் அறுவடை நாளின் மாலையில் தாத்தா அதைக் களத்திலிருந்து கொண்டுவந்து கையில் கொடுத்து, "நம்ம களத்துல நெல்லு மட்டும் இல்லடா, புத்தகமும் விளையும்" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பிலிருந்துதான் தன் கதைகள் எல்லாம் பிறந்தன என்று முடித்திருந்தார்.

அத்தை புத்தகத்தை மூடி வைத்தாள். பூவை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "இன்னிக்கு நூலகம் லீவு" என்றாள்.

*

அந்த நத்தைப் புத்தகம் அவளுடையது.

கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டதற்காக ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம். சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. மேடைகளில் உழுபவனுக்கே நிலம் என்று பேசினார்கள். பெரிய மிராசு தன் நிலத்தை வண்டிக்காரன் பேருக்கும், சமையல்காரன் பேருக்கும், கோயில் சாமி பேருக்கும் எழுதி வைத்துவிட்டு, வழக்கம்போலக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தையின் அப்பா கண்ணுசாமி அவரிடம் பண்ணையாள். அம்மா நீலாம்பாள் களத்தில் நெல் தூற்றுவாள்.

அந்தத் தை மாதம், பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் போட்டி வைத்தார்கள். காத்தாயிக்கு முதல் பரிசாக அந்தப் புத்தகம். கீழத்தெருப் பிள்ளைக்குப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. பத்து வயதுப் பெண் பரிசை வாங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவிடம் காட்ட நேரே களத்துக்கு ஓடினாள்.

களத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. நெல்லைத் தூற்றிக் குவித்ததும் குவியலைச் சுற்றிச் சாம்பலால் குறி போடுவார்கள். யாராவது ஒரு கை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு, களத்துக்குள் வந்த எதுவும் நெல் அளந்து முடிகிறவரை வெளியே போகக் கூடாது. வெற்றிலைப் பை, தூக்குவாளி, குழந்தையின் துணி, எதுவானாலும். பெண்கள் போகும்போது முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே வேலை செய்தவர்களுக்கெல்லாம் இது தெரியும். சந்தோஷத்தில் ஓடிவந்த பிள்ளைக்கு நினைவில்லை.

"என்னடி அது கையில?" என்றார் மிராசு.

"பரிசுங்க."

"ஒனக்கா? வாசி, பாப்பம்."

அவள் வாசித்தாள். வயலில் பிறந்த நத்தை, கடல் என்று ஒன்று இருப்பதைத் தவளை சொல்லிக் கேட்டு, வாய்க்கால் வழியாகப் புறப்படுகிறது. மதகு வரை வந்துவிடுகிறது. வாசிக்க வாசிக்க, கதிரடித்துக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. தூற்றுகிறவர்கள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். களம் அமைதியானது. அதைத்தான் மிராசுவால் தாங்க முடியவில்லை என்பாள் அத்தை. தன் களத்தில் தான் சொல்லாமல் வேலை நின்றதை.

"போதும். குவியல் மேல வையி. களத்துக்குள்ள வந்தது, அளந்து முடியாம வெளிய போவாது."

அவள் வைத்தாள். வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தாள். இருட்டும் நேரத்துக்கு அளந்து முடித்தார்கள். மிராசு புத்தகத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு வில்வண்டியில் ஏறினார். நீலாம்பாள் காரியஸ்தரிடம் கேட்டாள், "பிள்ளையோட புத்தகம்ங்க."

"அளந்தாச்சு. ஒம் பங்குல அது வரல" என்றார் அவர். சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். பயத்தில் சிரித்திருக்கலாம். ஆனால் சிரித்தார்கள்.

மறுநாள் கண்ணுசாமி பெரிய வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்று கேட்டார். மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டி வைத்து அடித்தார்கள். புத்தகத்துக்காக என்று சொல்லவில்லை. அரை மரக்காலுக்காக என்றார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதால்தானே இதெல்லாம் என்று அவளை நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பினார்கள். மறுபடி பள்ளிக்கூடம் ஏறி, குடவாசலில் விடுதியில் தங்கிப் படித்து முடிக்கும்போது அவளைவிடச் சின்னவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

பிறகு நில உச்சவரம்பில் போராடி மீட்டதில் கண்ணுசாமி பேருக்கு ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம் வந்தது. களம் பொதுவாகி, பஞ்சாயத்து அதற்கு சிமெண்ட் போட்டது. மிராசு செத்தார். எல்லாம் தீர்ந்தது என்று ஊர் நினைத்தது. நத்தை மதகிலேயே நின்றுகொண்டிருந்தது.

*

மறுவாரம் அத்தை சாக்கைப் பிரித்து எங்களுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். வாசித்துக் காட்டலாம், ஆனால் எதற்கும் பரிந்து பேசக் கூடாது என்று கபீர் சொல்லியிருந்தார். அவள் ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. யானைக் கதையை ரேஷன் கடை விலைப்பட்டியல் மாதிரி வாசித்தாள். ராக்கெட் கதையின் நடுவே இரண்டு தடவை கொட்டாவி விட்டாள். நண்டு வந்ததும் எழுந்து நின்றாள். நாட்டாமை நண்டுக்கு ஒரு குரல், வழக்குக் கொண்டுவரும் தவளைக்கு ஒரு குரல், வளைக்குள்ளிருந்து ஏசும் நண்டின் பெண்டாட்டிக்கு எங்கள் தெரு ரெங்கம்மாள் குரல். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். உண்மையில் அது நல்ல கதைதான். அதை அத்தையும் மறுத்ததில்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கான். திருட்டு வெதைன்னாலும் மொளைக்கத்தானே செய்யும்" என்பாள்.

விஷயம் ஊரில் பரவியது. அவள் தம்பி சாமிதுரை, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், நூலகத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏக்கா, அவங்க வீட்டுப் பேரனுக்குக் கொடி புடிக்கிறியாமே?"

"புடிக்கிறேன்."

"அப்பா முதுகுத் தழும்போடதான் செத்தாரு. மறந்துபோச்சா?"

"மறந்திருந்தா எதுக்குடா இதச் செய்யப்போறேன்?"

"நீ செய்யறது ஒண்ணும் வெளங்கல. தெருவுல பேசுறாங்க. நீ அந்த வீட்டுல பிச்சை வாங்கிட்டன்னு சொல்றான் ஒருத்தன்."

"வாங்கத்தான் போறேன். அவன் செயிச்சாத்தான் இங்க வருவான். தோத்தா சென்னையில ஒக்காந்து தாத்தா பெருமை பேசிக்கிட்டிருப்பான். போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு."

சாமிதுரை கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார். அன்றைக்கு மாலையே தன் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பினார்.

கார்த்திகையில் ஓட்டுப் போட்டோம். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை தவறாமல் நண்டுக்குப் போட்டோம். மற்ற ஊர்களிலும் நண்டுக்கு விழுந்திருந்தது, ஆனால் இப்படிக் கொட்டவில்லை. முடிவைச் சொல்ல வந்த கபீரிடம் அத்தை கேட்டாள்.

"பிள்ளைங்க கேட்டதச் செய்வாருன்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாக்கா. என்ன கேக்குதுங்க?"

"முன்னுரையில எழுதியிருக்காருல்ல, அந்த நத்தைப் புத்தகம். அதப் பாக்கணுமாம். எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அறுப்பு முடிஞ்சு, களத்துல வச்சுக்கலாம்."

*

இராஜாங்கம் தை கடைசியில் காரில் வந்தார். எதிர்பார்த்த மாதிரி இல்லை. ஒல்லியாக, கூச்சமாக, எங்களைவிட அதிகம் பதறிக்கொண்டு இருந்தார். களத்தின் ஓரத்தில் தானாகவே செருப்பைக் கழற்றினார். பூர்வீக ஊர்ப் பிள்ளைகள் தன்னைத் தேர்ந்தெடுத்ததைவிடப் பெரிய விருது இல்லை என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பழி வாங்கப்படுகிற ஆள் இப்படி இருந்திருக்க வேண்டாம் என்று இப்போதும் நினைக்கிறேன். அத்தை அப்படி நினைக்கவில்லை.

களத்தின் நடுவில் அத்தையின் ஒரு மா நிலத்து நெல் குவிந்திருந்தது. பக்கத்தில் மரக்காலோடு சாமிதுரை. விருந்தாளிக்கு அறுவடை காட்டுகிறார்கள் என்று கபீர் நினைத்தார். இராஜாங்கம் நண்டுக் கதையிலிருந்து வாசித்தார். அத்தை அளவுக்கு வரவில்லை, ஆனாலும் சிரித்தோம். பிறகு பையிலிருந்து பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அட்டையின் ஒரு மூலை கரையான் அரித்திருந்தது. நத்தையின் கொம்பு மட்டும் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. கை மாறி மாறி அது எங்களையெல்லாம் தாண்டி அத்தையிடம் போனது.

அவள் அதைத் திறக்கவில்லை. நெற்குவியலின் உச்சியில் வைத்தாள். மடியிலிருந்த சாம்பலை எடுத்துக் குவியலைச் சுற்றிக் கோடு போட்டாள். ஏதோ மரியாதைச் சடங்கு என்று இராஜாங்கம் கைகூப்பினார்.

"அளக்கலாம்டா" என்றாள் அத்தை.

"லாபம்," என்று, ஒன்றுக்குச் சொல்லும் வழக்கப்படி, சாமிதுரை முதல் மரக்காலைச் சாக்கில் கொட்டினார். "ரெண்டு. மூணு." குவியல் இறங்க இறங்கப் புத்தகமும் இறங்கியது. எங்கள் தெருவில் வயதானவர்கள் ஒவ்வொருவராகக் களத்தைச் சுற்றி வந்து நின்றார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கடைசி மரக்கால் விழுந்ததும் அத்தை புத்தகத்தை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

இராஜாங்கம் சிரித்துக்கொண்டே கை நீட்டினார். "பத்திரமா வச்சிருக்கணும்ங்க. பழசு."

"அளந்தாச்சு," என்றாள் அத்தை. "உங்க பங்குல வரலைங்க."

அவர் கபீரைப் பார்த்தார். கபீர் அத்தையைப் பார்த்தார். "அக்கா, அவரு விருந்தாளி."

"விருந்தாளிக்கு மீன்கொழம்பு வச்சிருக்கேன் தம்பி. அது வேற, இது வேற."

பிறகு அவள் புத்தகத்தைத் திறக்காமல், முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். வயலில் பிறந்த நத்தை, தவளை, வாய்க்கால், ஒவ்வொரு வார்த்தையாக, மதகு வரை. இராஜாங்கத்தின் உதடுகளும் கூடவே அசைந்தன. அவருக்கும் மனப்பாடம். மதகில் அவள் நிறுத்தினாள். அவர் உதடுகள் மட்டும் அடுத்த வரிக்குப் போய், தனியாக நின்றன.

"இதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்ங்க. அப்ப உங்க தாத்தா நிறுத்தச் சொல்லிட்டாரு. நீங்க நிக்கிற எடத்துலதான் நாற்காலி போட்டிருந்துச்சு. அப்புறம் எங்கப்பாவ உங்க கொட்டாயில கட்டி வச்சாங்க. மிச்சத்த நீங்க படிச்சீங்க."

அவர் முகம் வெளிறிப்போனதை நான் கிட்டத்தில் பார்த்தேன். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா."

"தெரியாமத்தான் முன்னுரை எழுதிட்டீங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சு. மாத்தி எழுதுங்க."

அவர் குவியல் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, "எழுதறேன்ங்க. புத்தகம் உங்களுதுதான். எம் பொண்ணுக்கு இதக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன். ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டிட்டு..."

"தாராளமா. இது இப்ப நூலகப் புத்தகம். உறுப்பினர் ஆயிட்டு எடுத்துட்டுப் போங்க. ஊர்ல குடியிருக்கிறவங்க ஒருத்தர் பிணைக் கையெழுத்துப் போடணும். புத்தகம் திரும்பி வரலன்னா அவங்க பொறுப்பு. அரசாங்க விதிங்க, நான் போட்டதில்ல."

அவர் உண்மையாகவே பிணைக் கையெழுத்துக் கேட்டார். அதுதான் எனக்கு மறக்கவில்லை. வெறுங்காலோடு சூடேறிய சிமெண்டில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ரெங்கம்மாள் முந்தானையை உதறிக் காட்டிவிட்டு நடந்தாள். சாமிதுரை சாக்கைத் தைத்துக்கொண்டே சொன்னார்: "சொசைட்டிக் கடனுக்கு உங்க தாத்தா கையெழுத்து வேணும்னு எங்கப்பா ஒரு போகம் முழுக்க உங்க வாசல்ல நின்னாருங்க. நீங்க இப்பத்தானே வந்தீங்க. நில்லுங்க."

அவர் சாப்பிடாமல் போனார். மீன்குழம்பை நாங்கள் சாப்பிட்டோம்.

*

கார் போனதும் அத்தையைச் சூழ்ந்துகொண்டோம். முடிவு வேண்டும். அவளும் அதற்காகத்தான் இத்தனை காலம் இருந்தவள்போல, களத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து மதகிலிருந்து வாசித்தாள். நத்தை மதகைப் பார்த்துப் பயந்தது. தண்ணீரின் இரைச்சலைக் கேட்டு அழுதது. திரும்பி ஊர்ந்து வயலுக்கே வந்தது. தாய் நத்தை சொன்னது: அவரவர்க்கு விதித்த இடத்தில் இருப்பதே இன்பம். நத்தை அதன் பிறகு கடலைப் பற்றிப் பேசவே இல்லை. முற்றும்.

"அவ்வளவுதானா?" என்றான் சாமிதுரையின் மகன்.

அத்தை அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். காலி. அட்டை.

"இதுக்கா எங்கப்பன் அடி வாங்குனான்?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் முகம் முன்பைவிடக் கடுமையாக இருந்தது. புத்தகம் இப்படி முடிந்ததுகூடப் பெரிய வீட்டின் குற்றத்தோடு சேர்ந்துவிட்டது போலிருந்தது.

மறுநாள் அதில் நூலக முத்திரை குத்தி அலமாரியில் வைத்தாள். ஒரு பிள்ளையும் அதை எடுப்பதில்லை. கதை நன்றாக இல்லை.

நண்டுவளை நாட்டாமை இரண்டாம் பதிப்பு வந்தது. அத்தை முதலில் முன்னுரையைத்தான் தேடினாள். முன்னுரையே இல்லை. பக்க எண்கள்கூடச் சரிசெய்யப்பட்டிருந்தன. "மாத்தி எழுதச் சொன்னேன். முழுங்கிட்டான்" என்றாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் இராஜாங்கத்திடமிருந்து வாழ்த்து அட்டை வரும், பிணைக்கு யாராவது சம்மதித்தார்களா என்று கீழே ஒரு வரி விசாரிப்போடு. யாரும் கையெழுத்துப் போடவில்லை.

நான் ஊரைவிட்டுப் போய், எங்கெங்கோ வேலை பார்த்து, மலை நாடுகளிலும் கப்பல் துறைகளிலும் அலைந்துவிட்டு, போன மாதம்தான் திரும்பி வந்தேன். அத்தைக்கு முடி நரைத்துவிட்டது. பூ அப்படியே இருக்கிறது. இராஜாங்கத்தின் மகளுக்குக் கல்யாணமாகிக் குழந்தைகூடப் பிறந்திருக்கும், நான் வேண்டுமானால் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீ போட்டாச் செல்லாதுடி. ஊர்ல குடியிருக்கிறவங்க போடணும். நீ எந்த ஊர்ல குடியிருக்க?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அலமாரியில் நத்தையின் சிவப்புக் கொம்பு தெரிந்தது.

"பாவம் அத்தை அந்த ஆளு. வயசாயிருக்கும்."

"எனக்கும்தான் ஆச்சு," என்றாள். வருகைப் பதிவில் நேரத்தைக் குறித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். "நான் என்ன கேட்டேன், உசுரையா கேட்டேன்? களத்துல விளைஞ்சது இல்ல, கண்ணுசாமி மககிட்ட புடுங்குனதுன்னு ஒரு வரி. அத அச்சுல போடட்டும். நானே கையெழுத்துப் போடறேன்."